டீச்சருக்கு வாந்தி வந்தால்...

தமிழ் சினிமா பார்த்து வளர்ந்த எல்லோருக்கும் ஒரு மருத்துவ அறிவு உண்டு. கதாநாயகி வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை குமட்டினால் போதும். அடுத்த ஷாட்டில் டாக்டரம்மா நாடி பிடித்துப் பார்த்துவிட்டு 'கங்கிராஜுலேஷன்ஸ்' என்பார். மாமியார் சர்க்கரை டப்பாவைத் தேடி ஓடுவார். அஜீரணம், ஃபுட் பாய்ஸன், மஞ்சள்காமாலை இதெல்லாம் நம் கதாநாயகிகளை அண்டியதே கிடையாது. பெண் வாந்தி எடுத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள சொத்து இல்லை. 'ஸ்மாஷ்ட்' என்று ஓர் அமெரிக்கப் படம். 2012-ல் வந்தது. ஜேம்ஸ் பொன்சோல்ட் இயக்கியது. லாஸ் ஏஞ்சலஸில் கேட் ஹன்னா என்று ஒரு டீச்சர். ஒன்றாம் வகுப்பு எடுக்கிறாள். ராத்திரி குடித்தது தெளியாமல் காரில் வந்து இறங்குகிறாள். இறங்குவதற்கு முன் இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொள்கிறாள். வகுப்பில் பிள்ளைகள் எதிரிலேயே வாந்தி எடுத்துவிடுகிறாள். ஆறு வயசுக் குழந்தை ஒன்று கேட்கிறது, உங்களுக்குப் பாப்பா பிறக்கப் போகுதா என்று. கேட் ஒரு விநாடி முழிக்கிறாள். ஆமாம் என்று சொல்லிவிடுகிறாள்.

அவ்வளவுதான். சேதி ஸ்டாஃப் ரூமுக்குப் போகிறது. பிரின்ஸிபால் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். எல்லோரும் சேர்ந்து அவளுக்குத் தெரியாமல் ஏற்பாடு செய்து, அவர்கள் ஊர் வழக்கப்படி ஒரு வளைகாப்பே நடத்திவிடுகிறார்கள். வயிற்றில் ஒன்றும் இல்லாத பெண் பரிசுப் பொட்டலங்களுக்கு நடுவே உட்கார்ந்து சிரிக்கிறாள். மேரி எலிசபெத் வின்ஸ்டெட் அந்தச் சிரிப்பைச் சிரித்த விதத்துக்காகவே படத்தைப் பார்க்கலாம்.

இதற்கு நடுவே அவள் குடியை விட முயற்சி செய்கிறாள். பள்ளியின் வைஸ் பிரின்ஸிபாலும் ஒரு காலத்தில் குடித்துத் திருந்தியவர். நடந்தது என்ன என்று அவருக்குத் தெரியும். அவர்தான் அவளை 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' கூட்டத்துக்கு அழைத்துப் போகிறார். குடி நிற்கிறது. பொய் நிற்கவில்லை. ஒரு கட்டத்தில் தாங்க முடியாமல் பிரின்ஸிபாலிடம் போய், நான் கர்ப்பமே இல்லை, அன்றைக்கு எனக்குப் போதை என்று உடைத்துச் சொல்லிவிடுகிறாள். பிரின்ஸிபால் அவளை வேலையை விட்டு அனுப்பிவிடுகிறார்.

அது நியாயமா?

*

பிரின்ஸிபால் பக்கத்தை முதலில் பார்ப்போம். அதுதான் முறை.

அந்த அம்மாள் கொடுமைக்காரி இல்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டீச்சர்தான் உலகம். தீ விபத்து நடந்தால், யாராவது மாடிப்படியில் உருண்டால், சட்டென்று ஓடிப் பிடிக்க வேண்டிய கை டீச்சருடையது. அது நடுங்கக்கூடாது. அமெரிக்காவின் 1990-ம் வருட மாற்றுத்திறனாளிகள் சட்டமே இதை ஒப்புக்கொள்கிறது. குடிநோய் ஒரு குறைபாடாகக் கருதப்படலாம், ஆனால் மற்ற ஊழியர்களிடம் எதிர்பார்க்கிற அதே வேலையையும் நடத்தையையும் அவரிடமும் முதலாளி எதிர்பார்க்கலாம் என்கிறது. நோயாளி என்பதற்காக வேலை நேரத்தில் போதையில் வரலாம் என்று அந்த ஊரிலும் எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

அப்புறம் அந்தப் பொய். ஒரு நாள் வாய் தவறி வந்தது என்றால் சரி. பரிசுகளை வாங்கிக்கொண்டு, வாழ்த்துகளை வாங்கிக்கொண்டு, பிள்ளைகளையும் நம்பவைத்து நாள் கணக்கில் ஓட்டியிருக்கிறாள். 'பொய் சொல்லக் கூடாது' என்று கரும்பலகையில் எழுதிப் போடுகிற உத்தியோகம் அது. ஆக, பிரின்ஸிபாலுக்கு நம்பிக்கை போனதில் ஆச்சரியமே இல்லை.

ஆனால் நாட்களின் வரிசையைக் கவனியுங்கள். போதையில் வந்த நாளில் அவளுக்கு வேலை இருந்தது. பொய் சொன்ன நாளில் வேலை இருந்தது, வளைகாப்பும் நடந்தது. குடியை விட்டு, தெளிவான தலையோடு உண்மையைச் சொன்ன நாளில்தான் வேலை போனது. எல்லாம் தெரிந்தும் வாய் திறக்காத வைஸ் பிரின்ஸிபால் தன் நாற்காலியில் சௌக்கியமாக உட்கார்ந்திருக்கிறார்.

இதைப் படம் பிரசங்கம் செய்து சொல்லவில்லை. காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறது. திரைக்கதையை இயக்குநரோடு சேர்ந்து எழுதிய சூசன் பர்க் இளம் வயதிலேயே குடியிலிருந்து மீண்டவர். அதனால்தான் இந்த வலி சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. குடிப்பவர்களின் பொய்யைப் பற்றி வெளியே இருப்பவர்கள் எழுதினால் அது வில்லத்தனமாக வரும். உள்ளே இருந்து எழுதினால்தான் அது ஒரு சுவர் மாதிரி, செங்கல் செங்கலாகக் கட்டப்படுவது தெரியும்.

படத்தின் மேல் எனக்கு ஒரு பெரிய குறை உண்டு. அந்தப் பிள்ளைகள்! கதை முழுக்க கேட்டின் குடி, கேட்டின் புருஷன், கேட்டின் அம்மா, கேட்டின் மீட்சி. ஒன்றாம் வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டிய குழந்தைகளுக்கு அந்த வருடம் என்ன ஆனது என்று கேமரா எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வாந்தியைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பதற்காக வந்துவிட்டு, அவர்கள் போய்விடுகிறார்கள். டீச்சருக்கு வேலை போகலாமா என்ற கேள்வியில் பாதி அந்த பெஞ்சுகளில்தான் உட்கார்ந்திருக்கிறது. படம் அந்தப் பாதியைத் தொடவே இல்லை.

*

நம் பக்கம் வருவோம். நம்மிடமும் ஒரு குடிகார வாத்தியார் படம் இருக்கிறது. 2021 பொங்கலுக்கு வந்த 'மாஸ்டர்'.

விஜய் நடித்த ஜே.டி. ஒரு கல்லூரிப் பேராசிரியர். சதா போதை. ஏன் குடிக்கிறீர்கள் என்று கேட்பவர்களிடம் எல்லாம் ஒரு சோகக் கதை சொல்வார். ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு கதை. எல்லாமே ஏற்கெனவே வந்த சினிமாக் கதைகள். தியேட்டரில் விழுந்து விழுந்து சிரித்தோம் இல்லையா? யோசித்துப் பாருங்கள். குடி, கூடவே பொய். கேட் ஹன்னா செய்த அதே இரண்டும். அவளுக்கு வேலை போச்சு. இவருக்கு விசில்.

நிர்வாகம் அவரைத் துரத்தப் பார்க்கிறது, மாணவர்கள் அரணாக நிற்கிறார்கள். நாகர்கோவில் சீர்திருத்தப் பள்ளிக்குப் போகிறார். அங்கே அவர் போதையில் கிடக்கிற நேரத்தில், அவரை நம்பி உதவி கேட்ட இரண்டு பையன்கள் கொல்லப்படுகிறார்கள். லோகேஷ் கனகராஜுக்கு ஒரு சபாஷ் போட வேண்டிய இடம் இது. வாத்தியாரின் குடிக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதை 'ஸ்மாஷ்ட்' காட்டவில்லை, 'மாஸ்டர்' காட்டிவிட்டது. ஆனால் காட்டிய கையோடு பழியை வில்லன் தலையில் கட்டிவிட்டு ஃபைட்டுக்குப் போய்விடுகிறது. வாத்தியார் குடியை விட்டார், வில்லனை அடித்தார், கணக்கு நேர். அந்த இரண்டு பையன்களுக்காக அவருக்கு ஒரு மெமோகூட வரவில்லை.

ஆண் குடித்தால் அதற்கு ஒரு சோகம் இருக்கும், ஒரு பாட்டு இருக்கும், ஒரு திருந்தலும் இருக்கும். பெண் குடித்தால் அவளுக்கு மிஞ்சுவது வாந்தி மட்டும்தான். அதையும் கர்ப்பம் என்று சொன்னால்தான் மன்னிப்பு.

*

கேட் ஹன்னாவை லாஸ் ஏஞ்சலஸிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து திண்டிவனத்தில் குடிவைப்போம். ஒரு கற்பனைதான். விழுப்புரம் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் வேலை. காலையில் பாசஞ்சரைப் பிடிக்க வேண்டும். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று ஸ்டேஷன்கள் போகும். லேடீஸ் கம்பார்ட்மென்ட்டில் எல்லா டீச்சர்களுக்கும் எல்லா டீச்சர்களையும் தெரியும். பூ கட்டுவார்கள், கீரை ஆய்வார்கள், சீட்டுப் பணம் கட்டுவார்கள். இந்த ஒருத்தி மட்டும் வாயில் ஏலக்காயைப் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருப்பாள்.

அவளால் டாஸ்மாக் வரிசையில் போய் நிற்க முடியாது. கடையே மதியம் 12 மணிக்குத்தான் திறக்கும். நின்றால் அன்று சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். ஆக, யாரோ ஒரு ஆணிடம் காசு கொடுத்து வாங்கிவரச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் கிளியனூர் வழியாகப் பாண்டிச்சேரிக்குப் பஸ் பிடிக்க வேண்டும். ஆண் குடிப்பதற்குக் காசு மட்டும் போதும். பெண் குடிப்பதற்குக் காசோடு ஒரு பொய்யும் வேண்டும். பொய் அவள் குடியோடு ஒட்டிக்கொண்டே பிறக்கிறது.

'நம்ம ஊர்ல பொம்பளை டீச்சர் குடிப்பாங்களா சார்? சும்மா கதை விடாதீங்க' என்று ஒருவர் கேட்பது காதில் விழுகிறது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 18.8 சதவிகிதம் பேர் குடிக்கிறார்கள். பெண்களில் 1.3 சதவிகிதம். குறைவுதான். ஆனால் கணக்கெடுக்க வந்தவரிடம் மாமியார் காது கேட்க உண்மையைச் சொன்னவர்களின் எண்ணிக்கை அது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2023 மே மாதம் திண்டிவனத்துக்குக் கிழக்கே, மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்தவர்கள் செத்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60 பேருக்கு மேல் செத்தார்கள். 2019 வரை விழுப்புரம் மாவட்டத்துக்குள் இருந்த ஊர்தான் கள்ளக்குறிச்சி. அந்தச் சாவுப் பட்டியலில் பெண்களும் இருந்தார்கள்.

டீச்சர்களும் உண்டு. 2022 ஜூலையில் சத்தீஸ்கரின் ஜஷ்பூர் மாவட்டத்தில் ஒரு பெண் ஆசிரியர் வகுப்பிலேயே போதையில் கிடந்ததை ஆய்வுக்குப் போன அதிகாரிகள் பார்த்தார்கள். சஸ்பெண்ட். அதே வருடம் செப்டம்பரில் கர்நாடகத்தில் தும்கூர் பக்கம் ஒரு கிராமப் பள்ளி. பல வருட சர்வீஸ் உள்ள டீச்சர். மேஜை டிராயரில் பாட்டில்கள். ஊர் ஜனங்கள் கூடிவிட்டார்கள். சஸ்பெண்ட். இரண்டு பேருடைய பெயரும் முகமும் நாடெங்கும் சுற்றின. பாட்டில் ஒரே நாளில் டிராயருக்குள் வந்துவிடாது. அதற்கு முன்னால் கூட வேலை பார்த்தவர்கள் எத்தனை நாள் பார்த்தும் பார்க்காமல் இருந்திருப்பார்கள்? தெரிந்தும் சொல்லாத வைஸ் பிரின்ஸிபால்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

*

நம் திண்டிவனம் டீச்சர் மாட்டிக்கொண்டால் என்ன நடக்கும்?

அரசு ஊழியர்கள் வீட்டில் பிறந்தவர்களுக்கு 'பதினேழு ஏ', 'பதினேழு பி' என்றால் என்ன என்று விளக்க வேண்டாம். 1955-ம் வருட தமிழ்நாடு குடிமைப் பணி ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளில் 17(அ) சின்னத் தண்டனைக்கு, 17(ஆ) பெரிய தண்டனைக்கு. கண்டனம், இன்கிரிமென்ட் வெட்டு, பதவி இறக்கம், கட்டாய ஓய்வு, பணிநீக்கம், பணியறவு என்று ஏணி மாதிரி படிப்படியாக இருக்கிறது. மேல்படியில் இருக்கும் பணியறவு வந்துவிட்டால் பிறகு அரசாங்க வேலை என்ற பேச்சே கிடையாது.

ஏணி இருக்கிறது. அதில் 'ஆஸ்பத்திரி' என்று ஒரு படி இல்லை. அதுதான் பிரச்னை.

முதலில் சஸ்பென்ஷன். சஸ்பென்ஷனில் இருப்பவருக்குப் பாதிச் சம்பளம் பிழைப்பூதியமாக வரும். அதாவது குடிநோய் உள்ள ஒருவரை வீட்டில் தனியாக உட்காரவைத்து, வேலையைப் பிடுங்கிக்கொண்டு, கையில் கொஞ்சம் காசும் கொடுக்கிறோம். இதைவிட அருமையாகக் குடியை வளர்க்க முடியுமா? அந்தப் பக்கம் பள்ளிக்கூடம். ஈராசிரியர் பள்ளியாக இருந்தால் ஒரு டீச்சர் என்பது பாதிப் பள்ளிக்கூடம். மாற்று ஆள் வரும்வரை மிச்சம் இருக்கிற ஹெச்.எம். ஐந்து வகுப்பையும் ஒரே ஹாலில் உட்காரவைத்து 'சத்தம் போடாதீங்கடா' என்று பாடம் நடத்துவார். தண்டனை டீச்சருக்கா, பிள்ளைகளுக்கா?

விமானிகளைப் பாருங்கள். பறப்பதற்கு முன் நடக்கும் மூச்சுச் சோதனையில் மாட்டினால் முதல் தடவை மூன்று மாதம் லைசென்ஸ் முடக்கம். இரண்டாவது தடவை மூன்று வருடம். மூன்றாவது தடவை லைசென்ஸே ரத்து. 180 பேரைத் தூக்கிக்கொண்டு வானத்தில் போகிறவருக்கே மூன்று படி வைத்திருக்கிறோம். அங்கே படிகள் மென்மையாக இருப்பதற்குக் காரணம், வாசலில் சோதனை கறாராக இருப்பது. போதையோடு யாரும் காக்பிட்டுக்குள் நுழைய முடியாது என்ற தைரியத்தில்தான் அந்த நிதானம் வருகிறது.

சட்டமும் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. 2017-ம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம், மது மற்றும் போதைப் பழக்கத்தோடு சேர்ந்து வரும் மன நிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. 2021 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பு சொன்னது. மனநோயால் பாதிக்கப்பட்ட மத்திய ரிசர்வ் போலீஸ் அதிகாரி ஒருவரின் வழக்கு. அந்தப் பாதிப்பே காரணமாக இருந்த நடத்தைக்காக ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது பாகுபாடு என்றது கோர்ட். அது குடி வழக்கு இல்லை. ஆனாலும், தண்டிப்பதற்கு முன் இது நோயா குற்றமா என்று கேளுங்கள் என்ற பாடம் அதில் இருக்கிறது.

குடியை நோய் என்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்த புது ஃபேஷன் என்று நினைக்க வேண்டாம். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் சென்னையில் டி.டி.கே. மருத்துவமனையின் வேலையைத் தொடங்கியது 1980-ல். நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற அதே பாசஞ்சர் நிற்கிற முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. டீச்சர் தினமும் அந்த ஸ்டேஷனைத் தாண்டித்தான் போகிறாள். இறங்கினால் என்ன ஆகும் என்ற பயத்தில் இறங்குவதில்லை.

*

இப்போது தீர்ப்புக்கு வருகிறேன். ஒவ்வொன்றாக.

ஒன்று. போதையில் வந்த டீச்சர் அன்றைக்கே வகுப்பை விட்டு வெளியே போக வேண்டும். இதில் பேரமே கிடையாது. ஆணாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும், 25 வருட சர்வீஸாக இருந்தாலும், நல்லாசிரியர் விருது வாங்கியவராக இருந்தாலும். அன்றே மாற்று டீச்சர் வர வேண்டும். கூலி வேலைக்குப் போகிற அம்மா, 'எம்புள்ளையோட ஒரு வருஷத்தை யாரு சார் திருப்பித் தருவா?' என்று கேட்டால் அதற்கு மனிதாபிமானத்தில் பதில் இல்லை. ஆள் அனுப்புவதுதான் பதில்.

இரண்டு. வகுப்பை விட்டு வெளியே என்பது வேறு, வேலையை விட்டு வெளியே என்பது வேறு. முதல் தடவை கட்டாய மருத்துவ விடுப்பு. சிகிச்சை. டாக்டர் சான்றிதழோடு திரும்பி வந்து, சிறிது காலம் பிள்ளைகள் இல்லாத அலுவலக வேலை. மறுபடி விழுந்தால் அடுத்த படி. அதற்கு மேலும் விழுந்தால் போகட்டும். டாஸ்மாக்கில் 2023-24-ல் மட்டும் 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வருமானம் பார்த்த அரசாங்கம், தன்னுடைய ஊழியருக்கு இரண்டு மாத ஆஸ்பத்திரிச் செலவு பார்ப்பதால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

மூன்று. பொய். இங்கேதான் கறாராகப் பிரித்துப் பார்க்க வேண்டும். வெட்கத்தை மறைக்கச் சொன்ன பொய் நோயின் கூடவே வருகிற இருமல் மாதிரி. கேட் ஹன்னாவின் கர்ப்பம் அந்த வகை. வராத நாளுக்கு வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது, சத்துணவு முட்டைக் கணக்கில் கை வைப்பது, திருத்தாத பேப்பருக்கு மார்க் போடுவது இவை வேறு வகை. அதில் பிள்ளையிடமிருந்து ஏதோ ஒன்று திருடப்படுகிறது. அதற்குக் குடிநோய்ச் சான்றிதழைக் காட்டித் தப்பிக்க விடக்கூடாது. அங்கே 17(ஆ) தன் வேலையைச் செய்யட்டும்.

ஆக, பிரின்ஸிபால் அம்மாள் கேட் ஹன்னாவை வகுப்பிலிருந்து எடுத்தது சரி. வேலையிலிருந்து எடுத்தது தப்பு. அவளுக்கு மட்டும் இழைத்த தப்பு இல்லை அது. பக்கத்து வகுப்பில் இன்னொரு டீச்சர் ஃப்ளாஸ்க்கை மறைத்து வைத்திருந்தால், அன்றைக்கு அவள் என்ன பாடம் கற்றுக்கொண்டிருப்பாள்? வாயைத் திறக்காதே என்பதைத்தானே? அவள் வாயைத் திறக்காத ஒவ்வொரு நாளும், முப்பது பிள்ளைகள் தள்ளாடுகிற ஒரு கையை நம்பி உட்கார்ந்திருக்கும். உண்மை சொன்னவரைத் துரத்துகிற பள்ளிக்கூடம் பிள்ளைகளைக் காப்பாற்றவில்லை. அடுத்த குடிகாரரைத்தான் காப்பாற்றுகிறது.

ஹெச்.எம்.களுக்கு ஒரு வேண்டுகோள். ஏதோ ஒரு காலையில், பிரேயர் மணி அடிப்பதற்கு முன்னால், ஒரு டீச்சர் உங்கள் ரூம் வாசலில் வந்து நின்று 'சார், உங்ககிட்ட ஒரு உண்மையைச் சொல்லணும்' என்று தயங்கினால், முதலில் அவர் வகுப்புக்கு வேறு ஒருவரை அனுப்புங்கள். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லுங்கள். மெமோ பேப்பர் பீரோவிலேயே இருக்கட்டும். முண்டியம்பாக்கத்துக்கு அடுத்த வண்டி எத்தனை மணிக்கு என்று பாருங்கள்.